திரு. லோரன்ஸ் அவர்களின் வலது மணிக்கட்டு

சேசு மரி சூசை துணை

கீழ்ப்பிரிவு லயம், எல்கடுவை
1998 மே, ஞாயிற்றுக்கிழமை

அறிவித்தல். எல்கடுவையைப் பிறப்பிடமாகவும், கீழ்ப்பிரிவு லயத்தின் கடைசிக் காம்பராவை வசிப்பிடமாகவும் கொண்ட திரு. லோரன்ஸ் அவர்களின் வலது மணிக்கட்டு, பெரிய வெள்ளியன்று விழுந்து, இன்று காலை பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் ஒரு நெல்லிக்காய் உயரத்துக்கு உயிர்த்தெழுந்தது. அன்னார் இடது மணிக்கட்டின் பாசமிகு சகோதரரும், ஐந்து விரல்களின் அன்புத் தகப்பனாரும், தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் ஆருயிர்த் துணைவருமாவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளுமாறும், குவைத்திலிருக்கும் மூத்த மகள் மார்ஜரி பெட்டி கட்டுவதை உடனே நிறுத்துமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அன்பு மகள் மார்ஜரிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. நாங்கள் ஆண்டவர் புண்ணியத்தில் ஒருவருக்கொருவர் சண்டை போடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அந்த வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். எழுத்து ஏன் கோழி கிளறியது போல் இருக்கிறது என்று யோசிக்காதே, கை அப்பாவைக் கைவிட்டதால் அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி ரபாயேல் எழுதுகிறான். இந்த வரியை அப்பா சொல்லவில்லை, நான்தான் சேர்த்தேன், என் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா சொன்னது இவ்வளவுதான்: “புள்ளய பயப்படாம இருக்கச் சொல்லுடா, காண்ட்ராக்ட்ட பாதியில விட்டுட்டு வர வேணாம்னு எழுதுடா, மத்தத நீயே பாத்து எழுதிக்க.” சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார், இடது கையால். ஆகவே அக்கா, இனி வருகிற மத்ததெல்லாம் என் பொறுப்பு.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மேடத்திடம் பாஸ்போட்டைக் கேட்டுவிட்டாய் என்றும், அப்பாவின் பாதி உடம்பு விழுந்துவிட்டதாக அங்கேயிருக்கும் சவரியம்மா அக்காவின் மகள் உன்னிடம் அழுதாள் என்றும் எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் பாதி உடம்பு விழவில்லை. கையில் கூடப் பாதி விழவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை ஒரு குறையும் கிடையாது. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் கை, மழையில் நனைந்த கொடி மாதிரித் தொங்கியது. மேலே தூக்க முடியாது, விரலை நீட்ட முடியாது, கவ்வாத்துக் கத்தியைக் கையில் வைத்தால் அது தானே இறங்கிப் போய்விடும். இது வாதம் இல்லை அக்கா. அப்பாவிடம் இருக்கும் ஒரே வாதம் அம்மாவோடு செய்வதுதான், அது முன்னைப்போலவே நன்றாக நடக்கிறது.

நடந்ததை ஆதியோடு சொல்கிறேன். பெரிய வெள்ளியன்று கோவிலில் வியாகுலப் பிரசங்கம். உனக்குத் தெரியும், நம் உபதேசியார் நோபர்ட் ஆரம்பித்தார் என்றால் ஆண்டவரை மெதுவாகத்தான் சிலுவையில் அறைவார், ஒவ்வொரு ஆணிக்கும் தனித்தனியாக அழுவார். பொம்பளைகள் வலது பக்கம், ஆம்பளைகள் இடது பக்கம், எங்கள் பக்கத்தில் அப்பா பெஞ்சின் சாய்மானத்துக்கு மேலாக வலது கையைப் போட்டுக்கொண்டு இருந்தார். பிரசங்கம் முடிந்து எழும்பும்போது கை வரவில்லை. உதறிப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், சிலுவை முத்திசெய்யப் போகும்போது கை தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டே போனது. அதைச் சவரியம்மா அக்கா பார்த்துவிட்டார். அந்த மனுஷிக்கு நரம்பு முழுவதும் நாக்கில்தான். “ஆண்டவரு பாடுபடுற நேரத்துல இந்த மனுஷன் என்னமோ பாவம் செஞ்சிருக்காரு, அதான் அங்கேயே அடிச்சிட்டாரு” என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தொடங்கித் தேயிலை ஸ்டோர் வாசல் வரை சொல்லி, அங்கிருந்து குவைத்துக்கும் அனுப்பிவிட்டார். தண்டனை என்றால் பரிகாரம் வேண்டும் அல்லவா, அம்மா உடனே மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டார், அப்பாவை நடத்தியே கூட்டிப் போவதாக. மடு வடக்கே எங்கே இருக்கிறது, அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும், றேடியோவைப் போட்டால் அந்தப் பக்கத்துச் சண்டையைத்தான் சொல்கிறார்கள். “கை ஒன்னுதானே போயிருக்கு, மீதியையும் கொண்டு போய்க் குடுக்கப் போறியா?” என்று அப்பா கேட்டதற்கு அம்மா, “மாதா பாத்துக்குவா” என்று முடித்துவிட்டார்.

மாத்தளை டவுனில் பலீல் டாக்டரிடம் காட்டினோம். அவர் அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்து, விட்டுப் பார்த்து, பெருவிரலுக்குப் பின்னால் ஊசியால் தொட்டுப் பார்த்து, “அண்ணன், கைய எதுக்கும் மேல போட்டுட்டுத் தூங்கினீங்களா?” என்றார். நரம்பு அமுங்கியிருந்தால் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் போதும், சில கிழமையில் தானாக வரும், அப்படி இல்லையென்றால் கண்டிக்கு அனுப்பித் தலை, கழுத்து எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். பிரசங்கத்தில் தூங்கினேன் என்று அம்மாவுக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளை சொல்லுவான். “தூங்கலிங்க டாக்டர், கண்ண மூடி செபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்” என்றார் அப்பா. டாக்டர் சிரிக்காமல், “வீட்டுக்குப் போய் நல்லா ஞாபகப்படுத்திட்டு வாங்க, அதுக்குப் பொறகு எழுதுறேன்” என்று அனுப்பினார். அம்மாவுக்கு அதுவே போதும், தலையில்தான் கோளாறு, தண்டனைதான், மடுதான்.

இந்த இடத்தில்தான் அக்கா, உன் தம்பி வருகிறான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவன் என்பதை நீ மறந்திருக்கலாம், நான் மறப்பதில்லை. டாக்டருக்குச் சந்தேகம், எனக்கு நிச்சயம். ஏனென்றால் அப்பா தூங்கியதை நான் இரண்டு கண்ணாலும் கண்டேன். தலை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கை பெஞ்சுக்கு மேலே. ஆனால் அதை நான் சொன்னால் அம்மா நம்பவேண்டுமே, நான் சொன்னதில் அம்மா கடைசியாக நம்பியது என் பிறந்தநாளைத்தான். அதனால் நரம்பு எப்படிச் சேதி கொண்டுபோகிறது என்று அம்மாவுக்குக் கண்ணால் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். படம் கீறிக் காட்டினால் அம்மா அடுப்பு மூட்டிவிடுவார், ஆட்களை வைத்துச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் லயத்துப் பொடியன்களைக் கோவில் படியிலிருந்து கீழே மழைத்தண்ணீர் ஓடும் கான் வரை வரிசையாகக் குந்தவைத்தேன். மேல்படியில் இருப்பவன் மூளை. கானுக்கு அந்தப் பக்கம் கோவில் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் தசை. நடுவில் குந்தியிருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒரு நரம்புக் கலம், மூளையிலிருந்து தசைக்குப் போகும் நீளமான வால் மாதிரி. சட்டம் என்னவென்றால், பின்னால் இருப்பவன் முதுகில் அடித்தால் எழும்பி, முன்னால் இருப்பவன் முதுகில் அடித்துவிட்டு உடனே குந்தவேண்டும். சும்மா தடவினால் எழும்பவே கூடாது, போதுமான அடி விழுந்தால் முழுசாக எழும்பவேண்டும், பாதி எழும்புவது என்று ஒன்று கிடையாது. குந்தியவன் ஒரு மூச்சு விட்டு முடியும் வரை மறுபடி எழும்பக் கூடாது, அதனால் சேதி பின்பக்கம் திரும்பி ஓடாது. ஒருவனும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை அக்கா, ஆனால் சேதி மட்டும் படியிலிருந்து கான் வரை ஓடியது. அம்மாவே கொஞ்சம் வாயைத் திறந்தார். நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்றால் ஸ்டோர் மெஷினுக்கு வயரில் வருகிறதே, அப்படி இல்லை என்றேன். நரம்பின் தோலில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, வெளியே நிற்கும் சோடியம், அதாவது நம் கறியுப்பில் இருப்பதேதான், கதவு திறந்ததும் உள்ளே பாயும், அந்தப் பாய்ச்சலில் பக்கத்துக் கதவு திறக்கும், முதல் கதவு மூடி உள்ளேயிருந்து பொற்றாசியம் வெளியே போய் இடம் பழையபடி அடங்கும். எழும்புவது சோடியம், குந்துவது பொற்றாசியம். “அப்ப நான் கறிக்கு உப்பக் கூட்டிப் போட்டா மனுஷன் இன்னும் துள்ளுவானா?” என்று அம்மா கேட்டார். அதை விஞ்ஞானம் இன்னும் ஆராயவில்லை என்று சொல்லித் தப்பினேன்.

கானுக்குப் பக்கத்தில் வந்ததும் சிக்கல். அங்கே ஆளுக்கு ஆள் எட்டாது. நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவிலும் இப்படித்தான் ஒரு சின்னக் கான் உண்டு, அதை மின்சாரம் தாண்டாது, மருந்துதான் தாண்டும். நுனியில் குட்டிக் குட்டிப் பைகளில் அசற்றைல்கோலின் என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கும், சேதி வந்ததும் பை உடைந்து கானுக்குள் கொட்டும், அந்தப் பக்கம் போய் ஒட்டினால் தசை இழுக்கும். எங்களிடம் அசற்றைல்கோலின் இல்லை, கொய்யாக்காய் இருந்தது. கடைசிப் பொடியன் எழும்பியதும் பை நிறையக் கொய்யாக்காயை எறிந்தான், மணிக்காரன் மேல் போதுமான காய் விழுந்ததும் மணியை ஒரு இழு. விழுந்த காயை உடனே அப்புறப்படுத்தாவிட்டால் அவன் மணியை நிறுத்தவே மாட்டான், தசை இழுத்தது இழுத்தபடி நின்றுவிடும், அதற்கென்று உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. எங்கள் நொதியத்துக்குக் கொம்பும் தாடியும் இருந்தன, நம் வீட்டுக் கிடாய்தான், அவ்வளவு திறமான நொதியத்தை நான் புத்தகத்திலும் கண்டதில்லை.

இப்போது முக்கியமான பாடம். சவரியம்மா அக்காவைக் கூப்பிட்டு, நடுவில் இருந்த பொடியனின் தோளில் இரண்டு கையையும் ஊன்றி அவனை எழும்பவிடாமல் அமுக்கச் சொன்னேன். அந்த வேலையை அவர் பிறந்ததிலிருந்து செய்து பழகியவர் போலச் செய்தார். மூளை அடித்தது, சேதி நடு வரை ஓடி வந்தது, நின்றது. “பாருங்க அம்மா, மூளைக்கு ஒரு குறையும் இல்ல. கீழ இருக்கிறவனுங்களுக்கும் ஒரு குறையும் இல்ல, சும்மா குந்தியிருக்கானுங்க. மணிக்காரன் கையும் நல்ல கை. அமுங்கினது நடுவுல ஒருத்தன் மட்டும், ஆனா மணி அடிக்கல” என்றேன். நரம்பைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது, வெகுநேரம் அமுங்கினால் அந்த இடத்து உறைதான் நசுங்குகிறது, நரம்பு அறுவதில்லை. சவரியம்மா அக்கா கையை எடுத்தபிறகும் அந்தப் பொடியன் கால் விறைத்து எழும்பமுடியாமல் அப்படியே இருந்தான். “இதுதான் அம்மா, நேரமெடுக்கும், ஆனா எழும்புவான்” என்றேன். கொஞ்ச நேரத்தில் எழும்பினான், அடித்தான், சேதி ஓடியது, கொய்யாக்காய் பறந்தது, மணி அடித்தது. அம்மாவின் முகத்தில் மடு கொஞ்சம் தூரமாகப் போனது.

ஆனால் வேளை தப்பி மணி அடித்ததும் பாதித் தோட்டம் வந்துவிட்டது, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு. கூடவே ஸ்டோர் வளைவுச் செக்போஸ்ட்டிலிருந்து ஆமியும் வந்துவிட்டது. கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து அவர்கள் இருமினாலும் துவக்கோடுதான் இருமுகிறார்கள். அவர்கள் கண்டது என்ன? தமிழ்ப் பொடியன்கள் வரிசையாகக் குந்துகிறார்கள், எழும்புகிறார்கள், ஒருவன் கானுக்கு மேலால் உருண்டையாக எதையோ எறிகிறான். கோப்ரல் “மொக்கத மே ட்ரெயினிங் எக?” என்று கத்தினார், இது என்ன பயிற்சி என்று. நான் “ஸ்நாயு சேர், ஸ்நாயு” என்றேன். நரம்பு என்றுதான் சொன்னேன், அந்த நேரத்தில் அது ஒரு இயக்கத்தின் பெயர் மாதிரிக் கேட்டது. என்னைச் சட்டைக் காலரில் பிடித்தார்கள். அப்போதுதான் அப்பா லயத்திலிருந்து ஓடி வந்தார். “அத் உஸ்ஸபாங்” என்றதும் இரண்டு கையையும் தூக்கினார், இடது கை வானத்தைப் பார்த்தது, வலது கை மணிக்கட்டில் மடிந்து கோப்ரலின் தொப்பியைப் பார்த்தது. கையை நேராக்கு என்று கோப்ரல் கத்தினார். அப்பா நேராக்கப் பார்த்தார், நெற்றி வியர்த்தது, கை கோப்ரலை வா வா என்று கூப்பிடுகிறாற்போல் ஆடியது. பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து ஒருவன் துவக்கைக் கிளிக் என்று இழுத்தான். அக்கா, அந்தச் சத்தத்துக்கு எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அத்தனை கதவும் ஒன்றாகத் திறந்தது.

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உபதேசியாரைக் கூடப் பார்த்தார். பிறகு ஊரே கேட்க, “மம பல்லியே நிதாகத்தா சேர்” என்றார். கோவிலில் தூங்கிவிட்டேன், கையைப் பெஞ்சில் போட்டுத் தூங்கினேன், நரம்பு அமுங்கிவிட்டது, என் மகன் அதைத்தான் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறான், வேறொன்றும் இல்லை என்று சிங்களத்தில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கோவில் மூப்பர் அக்கா அவர், பெரிய வெள்ளியன்று தூங்கினேன் என்று அந்தக் கோவில் வாசலிலேயே சொன்னார். பிரசங்கம் எவ்வளவு நேரம் நடந்தது என்று கோப்ரல் கேட்டார். நோபர்ட் உபதேசியார் முன்னால் வந்து பெருமையோடு, பகல் தொடங்கிப் பொழுது சாயும் வரை என்றார். “எஹெனங் அதே வெரத்தக் நெஹெ” என்றார் கோப்ரல், அப்படியென்றால் பிழை கையுடையது இல்லை என்று. ஆமிக்காரர் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போகுமுன் கோப்ரல் ஒரு கொய்யாக்காயைக் கடித்துப் பார்த்து அது காய்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுருக்கம். திங்கட்கிழமை டாக்டரிடம் போய் அப்பா தூங்கியதாக ஒத்துக்கொண்டார், டாக்டர் மணிக்கட்டுக்குச் சட்டம் வைத்துக் கட்டினார், கண்டிக்கு அனுப்பவில்லை. மடு நேர்த்தியை அம்மா நம் கோவிலிலேயே ஒரு கட்டு மெழுகுதிரியாக மாற்றிக்கொண்டார். கங்காணி அப்பாவுக்குக் கத்தி வேலை தராமல் நாற்றுமேடைக் காவல் கொடுத்திருக்கிறார். இன்று காலைதான் மேலே அறிவித்த உயிர்ப்பு. அம்மா முழந்தாளில் நின்று அழுதார், அழுது முடித்து எழும்பியதும் ஒரு கேள்வி கேட்டார்: “கோயில்ல பாதி ஆம்பளைங்க பெஞ்சுல கையப் போட்டுத்தான் தூங்குறானுங்க, ஒருத்தனுக்கும் கை விழல. இவரு கைமேல மட்டும் யாரு ஒக்காந்தா?” அப்பா பிளேன்டீயை ஊதிக்கொண்டு, “காவல் சம்மனசு” என்று தேவதூதர் மேல் பழியைப் போட்டார்.

இனி அப்பாவின் பேரில் முடிக்கிறேன். ஆகவே மகள், பாஸ்போட்டைத் திரும்ப மேடத்திடமே கொடுத்துவிடு. காண்ட்ராக்ட் முடிந்ததும் மரியாதையோடு வா, அதற்குள் அப்பா உன்னை விமான நிலையத்தில் வலது கையால் கூப்பிடுவார். கழுத்தில் போட்டிருக்கும் மாதா உத்தரியத்தைக் கழற்றாதே, தண்ணீர் நிறையக் குடி, சவரியம்மாவின் மகளிடம் இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டு. ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் மேல் உயிரான அப்பா,
ச. லோரன்ஸ்
(இடது கையால் வைத்த ஒப்பம், தவளை இல்லை)

அக்கா, இது உறையை ஒட்டுமுன் நான் எழுதுவது. முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கேட்டுவிட்டு, “நான் தூங்குனேன்னு போட்டிருக்கியே, அத அப்படியே விட்டுடு” என்றார். விட்டேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீ இன்னும் வாதம் என்றே பயந்துகொண்டிருப்பாய். அப்பா தூங்கவில்லை. டாக்டரிடம் முதலில் சொன்னதுதான் உண்மை, கண்ணை மூடிச் செபம்தான் செய்துகொண்டிருந்தார். அப்பா தூங்கியதைக் கண்டேன் என்று எழுதினேனே, அந்த இரண்டு கண்ணும் அப்போது மூடியிருந்தன. உபதேசியார் கெத்சேமனித் தோட்டத்துக்குள் நுழையுமுன்னே நான் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் என் தலை அப்பாவின் கைக்கு மேலே, அப்பா அசையாமல் இருக்கிறார். முதலில் எறும்பு ஊர்ந்ததாம், பிறகு ஒன்றுமே தெரியவில்லையாம். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, “ராவெல்லாம் படிச்ச புள்ள, எழுப்ப மனசு வரல” என்றார். நான் ராவெல்லாம் பொடியன்களோடு கரம்போட் விளையாடிக்கொண்டிருந்தேன் அக்கா. அப்பாவுக்குத் தலையில் ஒன்றுமில்லை, நம்பு. அந்தக் கையில் இருந்தது என் தலைதான்.